முறுக்கமும் தாங்குதிறனும்: அமெரிக்க வேகக் கார்களுக்கான தன்னியக்கக் கியர்ப்பெட்டித் தேர்வு பற்றிச் சில குறிப்புகள்

இயந்திரப் பொருளொன்றை ஆராயப் புகுவோர் எதிர்நோக்கும் முதலாவது இடர்ப்பாடு, அப்பொருள் குறித்து மக்களிடையே ஏற்கெனவே வேரூன்றியுள்ள முற்கற்பிதங்களாகும். தன்னியக்கக் கியர்ப்பெட்டியைப் பொறுத்தவரையில் இது பெரிதும் பொருந்தும். கையாற் கியர் மாற்றுபவனே மெய்யான சாரதி, தன்னியக்கப் பெட்டி முதியோருக்கும் சோம்பேறிகளுக்கும் உரியது என்றவாறான எண்ணம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. விளம்பரங்களும் திரைப்படங்களும் அதனை ஊட்டி வளர்த்தன. ஆயின் அதே அமெரிக்காவிற் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத் தடங்களில் ஓடும் கார்களுட் கணிசமானவை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தன்னியக்கப் பெட்டிகளையே பயன்படுத்தி வருகின்றன. கருத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மிகுந்த முறுக்கத்தைப் பிறப்பிக்கும் எஞ்சினொன்றுக்கு எந்தத் தன்னியக்கப் பெட்டியைத் தெரிவுசெய்வது என்ற வினாவுக்குச் சந்தை தரும் விடை பெரும்பாலும் ஓர் எண்ணாகவே அமைந்துவிடுகின்றது. இன்ன பெட்டி இத்தனை நியூட்டன் மீற்றர் தாங்கும் என்பர். அவ்வெண் பொய்யெனக் கூறுவதற்கில்லை. எனினும் தாங்குதிறன் என்பது பெட்டியின் உள்ளே உறைந்துகிடக்கும் பண்பொன்று போலத் தோற்றமளிக்க, உண்மையில் அது எஞ்சின், முறுக்கமாற்றி, ரயர், காரின் நிறை, ஒயிலின் வெப்பநிலை ஆகியவற்றுக்கிடையே நிலவும் ஓர் உறவாகவே உள்ளது. உறவொன்று பொருளின் பண்பாகத் தோன்றும் மயக்கத்தைப் பண்டங்கள் தொடர்பாக மார்க்ஸ் விளக்கியதை நன்கறிந்த வாசகர்களுக்கு இவ்விடயம் புதுமையாக இராது. வியப்புக்குரியது யாதெனின், பட்டறைத் தொழிலாளர் பலர் அந்நூலின் பக்கம் செல்லாமலே உடைந்த தண்டுகளையும் கருகிய தட்டுகளையும் கண்டு இதே முடிவுக்கு வந்திருப்பதாகும்.

பொதுப்படப் பேசுவதிலும் பார்க்க ஒரு காரை எடுத்துக்கொள்வது நன்று. 1970ஆம் ஆண்டின் செவ்ரலே செவெல், எல்.எஸ்.6 எனக் குறிக்கப்பட்ட 454 கன அங்குல எஞ்சினுடன் கிடைத்தது. நிறுவனம் வெளியிட்ட அளவுகளின்படி அதன் வலு 450 குதிரைவலு. முறுக்கம் நிமிடத்துக்கு 3,600 சுற்றுகளில் 678 நியூட்டன் மீற்றர். இவ்வெண்ணும் விளக்கம் வேண்டுவதே. அக்காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள், காரிற் பூட்டப்படும் துணைக் கருவிகளையும் புகைபோக்கித் தொகுதியையும் நீக்கிய நிலையில் எஞ்சினைச் சோதனை மேடையிலே அளந்து, அந்த மொத்த அளவையே அச்சிட்டன. 1972இலிருந்தே காரில் உள்ளவாறான தேறிய அளவு வழக்குக்கு வந்தது. ஆகவே பழைய எஞ்சினின் 678ஐயும் இன்றைய எஞ்சினின் 678ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர் இரு வேறு பொருள்களையே ஒப்பிடுகின்றனர்.

பெட்டியின் உள்ளமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். எஞ்சினுக்குப் பின்னால் உடனடியாக இருப்பது முறுக்கமாற்றி. ஒயில் நிறைந்த வட்டக் கூட்டினுள், எஞ்சினோடு சுழலும் அலகுகள் ஒயிலை வீச, எதிரேயுள்ள அலகுகள் அவ்வீச்சினாற் சுழல்கின்றன. இடையிலுள்ள மூன்றாவது அலகுத் தொகுதி திரும்பிவரும் ஒயிலின் திசையை மாற்றி, முறுக்கத்தைப் பெருக்குகின்றது. கார் நிற்கும்போது பெருக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கும். இரு பக்கத்து வேகங்களும் நெருங்க நெருங்க அது ஒன்றாகக் குறைந்துவிடும். இதன் பின்னே கோட்கியர்த் தொகுதிகள் உள்ளன. நடுவே ஞாயிற்றுப் பற்சில்லு, அதனைச் சுற்றிக் கோட்சில்லுகள், வெளியே வளையம். இவற்றுள் ஒன்றைப் பிடித்து நிறுத்தினாலோ இரண்டை ஒன்றாகப் பிணைத்தாலோ விகிதம் மாறும். பிடிப்பதையும் பிணைப்பதையும் பட்டிகளும் கிளச்சுத் தட்டுகளும் ஒயில் அமுக்கத்தினாற் செய்கின்றன. பற்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருப்பதால், கியர் மாறும் கணத்திலும் எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையிலான தொடர்பு அறுபடுவதில்லை. பந்தயத் தடத்தில் தன்னியக்கப் பெட்டி பெறும் அனுகூலத்தின் ஒரு பாதி இதிலேயே அடங்கியுள்ளது. மனிதக் கையும் காலும் எத்துணை விரைந்து இயங்கினும், கிளச்சு மிதிக்கப்படும் கணத்தில் கார் தள்ளுவாரின்றி ஓடுகின்றது.

இவ்வமைப்பின் தோற்றுவாய் மோட்டார்க் காருக்கு வெளியே இருந்தது. ஹேர்மன் ஃபொட்டிங்கர் எனும் ஜேர்மானியப் பொறியியலாளர் 1905இல் ஆக்கவுரிமை பெற்றபோது அவர் மனதில் இருந்தவை கப்பல்களே. விரைவாகச் சுழலும் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுழலவேண்டிய கப்பற் சுழல்விசிறியோடு இணைப்பது எவ்வாறு என்பதே ஸ்டெற்றின் நகர வுல்கன் கப்பற்றளத்தில் அவர் எதிர்கொண்ட பிரச்சினை. காருக்குரிய வடிவில், பெருந்தொகையாக உற்பத்திசெய்யப்பட்ட முதலாவது முழுத் தன்னியக்கப் பெட்டி ஜெனரல் மோட்டர்ஸ் 1939இல் வெளியிட்டு, 1940ஆம் ஆண்டு ஒல்ட்ஸ்மொபில் கார்களிற் பூட்டிய ஹைட்ரா-மற்றிக் ஆகும். அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஏள் தொம்சன். கையாற் கியர் மாற்றுவதை இலகுவாக்கிய ஒத்திசைவு முறையை 1928இற் கடிலாக் காருக்கு அளித்தவரும் அவரே. உழைப்பின் திறனைப் படிப்படியாக இயந்திரத்துள் இறக்கிவைக்கும் போக்கு ஒரே மனிதரின் பணியில் இவ்வாறு தொடர்ந்து வருவது கவனிக்கத்தக்கது.

அடுத்து வந்தது போர். கடிலாக் எஞ்சின் இரண்டும் ஹைட்ரா-மற்றிக் இரண்டும் பூட்டிய எம்-5 ஸ்ரூவட் இலகு தாங்கிகளும், பின்னர் எம்-24 சாபீ தாங்கிகளும் களத்துக்கு அனுப்பப்பட்டன. போரின் பின் இப்பெட்டி நம்பத்தக்கது என்ற பெயரை எளிதிற் பெற்றமைக்கு இப்பின்னணியும் ஒரு காரணமாகும். 1953 ஓகஸ்ட் 12ஆந் திகதி மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மற்றிக் ஆலை தீயில் முற்றாக அழிந்தது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். பெட்டி கிடைக்காமற் கடிலாக், ஒல்ட்ஸ்மொபில், பொன்ரியாக் பிரிவுகள் தடுமாறின. அதே நிறுவனத்தின் பிற பிரிவுகளிலிருந்து பியூக்கின் டைனாஃபுளோவும் செவ்ரலேயின் பவர்கிளைட்டும் இரவல் பெற்றுப் பூட்டப்பட்டன. உற்பத்தி விரைவிலேயே வில்லோ ரன்னுக்கு மாற்றப்பட்டது. போர்க்காலத்திற் போர்ட் நிறுவனம் பீ-24 குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்த அதே கட்டடந்தான் அது. எமது ஆய்வின் மையப் பொருளான டர்போ ஹைட்ரா-மற்றிக் 400 அங்கேயே உற்பத்தியானது.

1964இற் கடிலாக், பியூக் கார்களில் அறிமுகமான இப்பெட்டிக்கு 2.48, 1.48, 1.00 என மூன்று விகிதங்கள். வேகப் பிரியர்களுக்கென அது வரையப்படவில்லை என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட ஆடம்பரக் கார்களை, குளிரூட்டியும் இயங்க, குலுக்கமின்றி, ஆண்டுக்கணக்கில் இழுப்பதே அதன் பணி. அகன்ற தட்டுகள், தடித்த தண்டுகள், தாராளமான ஒயில் ஓட்டம் ஆகியன இத்தேவையிலிருந்து பிறந்தவை. அதே உறுதி காரணமாகவே பாரவண்டிகளுக்கும் அது சென்றது. ரோல்ஸ்-ரோய்ஸ் சில்வர் ஷடோ, பன்னிரு உருளை ஜகுவார், 1976இல் வந்த ஃபெராரி 400 ஆகியவற்றின் தன்னியக்க வடிவங்களுக்கும், பின்னாளில் அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீ வண்டிக்கும் இதுவே பெட்டியாயிற்று. ஆங்கிலப் பிரபுவின் காரும் இத்தாலியச் செல்வந்தனின் காரும் மிச்சிகன் தொழிலாளர் பூட்டிய ஒரே பெட்டியால் ஓடின என்பது, சின்னங்களின் தனித்துவம் பற்றிய பேச்சுக்களை எண்ணி நகைக்க ஒரு வாய்ப்பாகும்.

கிறைஸ்லரின் டோர்க்ஃபிளைற் 727, போர்டின் சீ-6 ஆகியவற்றின் கதையும் பெரும்பாலும் இதுவே. முன்னது அலுமினியக் கூட்டுடன் 1962இலும், பின்னது 1966இலும் வந்தன. இரண்டிலும் விகிதங்கள் ஏறத்தாழ டர்போ 400 போன்றவையே. செவ்ரலே எஞ்சினுக்குப் பின்னால் டர்போ 400, கிறைஸ்லர் ஹெமி எஞ்சினுக்குப் பின்னால் 727, போர்டுக்குச் சீ-6 என அமைவது தரவேறுபாட்டினாலன்று. எஞ்சினின் பின்முகத்துத் துளைகள் அவ்வந்த நிறுவனத்தின் பெட்டிக்கே பொருந்துவதாலாகும்.

பந்தயக்காரர் இப்பெட்டிகளைக் கைக்கொண்ட வகை தனியே நோக்கற்பாலது. 1950களிலேயே தென் கலிபோர்னியாவில் பீ அன் எம் நிறுவனத்தினர் பழைய ஹைட்ரா-மற்றிக்கைப் பிரித்து, அமுக்கத்தை உயர்த்தி, பந்தயத்துக்கு இசைவாக்கி விற்றனர். 1960களின் தொடக்கத்தில் ராம்சார்ஜேர்ஸ் எனும் குழு புகழ்பெற்றது. கிறைஸ்லர் நிறுவனப் பொறியியலாளர்கள் ஓய்வுநேரத்திற் கூடி நடத்திய குழு அது. விசைப்பொத்தானை அழுத்திக் கியர் தெரியும் டோர்க்ஃபிளைற் பூட்டிய அவர்களது கார்கள் கையாற் கியர் மாற்றும் எதிராளிகளைத் தோற்கடித்தன. பகலில் நிறுவனத்துக்காக வரைந்ததை மாலையில் தமக்காக ஓட்டிப் பார்த்த அம்மனிதரின் மகிழ்ச்சி, தொழிலில் அந்நியமாதல் பற்றி எழுதுவோர் கவனிக்கவேண்டிய ஒன்றாகும்.

இனித் தாங்குதிறன் பற்றிய வினாவுக்குத் திரும்புவோம். எமது செவெல் காரின் 678 நியூட்டன் மீற்றரை முறுக்கமாற்றி இரட்டிப்பாக்க, முதற் கியர் 2.48 மடங்காக்க, பெட்டியின் பின்னுள்ள செலுத்து தண்டுக்கு ஏட்டளவில் ஏறத்தாழ 3,360 நியூட்டன் மீற்றர் வருகின்றது. இவ்வளவும் பெட்டியைத் தாக்குமா? தாக்காது. சில்லு நழுவினால் முறுக்கம் அதற்குமேல் உயர வழியில்லை. காரின் நிறை ஏறத்தாழ 1,800 கிலோ. புறப்படும்போது பின்சில்லுகள்மீது 1,100 கிலோ சுமை என்றும், அக்காலத்து ரயரின் உராய்வுக் குணகம் 0.8 என்றும், சில்லின் ஆரை 0.34 மீற்றர் என்றும், பின்னச்சு விகிதம் 4.10 என்றும் கொள்வோம். கணக்கிட்டால், செலுத்து தண்டில் ஏறத்தாழ 720 நியூட்டன் மீற்றரைத் தாண்டியதும் ரயர் புகையத் தொடங்கிவிடும். ஏட்டுக் கணக்கின் கால்பங்கிலும் குறைவு அது. அதாவது 1970இல் மெலிந்த ரயரே அப்பெட்டியின் காவலனாக இருந்தது.

அதே காருக்கு இன்று மென்மையான பந்தய ரயரைப் பூட்டி, குணகம் 1.5 ஆகவும், காரின் முன்பகுதி எழுவதாற் பின்சுமை 1,300 கிலோவாகவும் உயர்வதாகக் கொண்டால், தண்டில் ஏறத்தாழ 1,590 நியூட்டன் மீற்றர் வரை ஏறும். எஞ்சின் மாறவில்லை, பெட்டி மாறவில்லை. பெட்டி சுமக்கும் பாரம் இரட்டிப்புக்கு மேலாகிவிட்டது. இதற்கு மேலாக, நழுவிய ரயர் திடீரெனப் பிடித்துக்கொள்ளும் கணத்திற் சுழலும் பாகங்கள் அனைத்தினதும் உந்தம் ஓரடியாக வந்து விழும். தண்டுகள் முறிவது பெரும்பாலும் அக்கணத்திலேயாம். எனவே ஐம்பது ஆண்டுகள் உடையாதிருந்த பெட்டி புதிய ரயர் பூட்டிய மறுவாரமே உடைந்தால், பெட்டியைப் பழுதுபார்த்தவரைக் குறைகூறுவது பல வேளைகளில் நீதியாகாது. தயாரிப்பாளர் சிலர் எஞ்சினிலிருந்து வரும் முறுக்கத்துக்கு ஓரெல்லையும், பெருக்கத்தின் பின் பெட்டி வெளிவிடும் முறுக்கத்துக்கு வேறோர் எல்லையும் தருவதற்குக் காரணம் இதுவே. விற்பனைப் பேச்சில் முன்னது மட்டுமே எஞ்சுகின்றது.

இக்கணக்கினின்றும் வேறொரு முடிவும் பெறப்படுகின்றது. ரயரின் பிடி ஓரெல்லையை விதிக்குமிடத்து, மிகத் தாழ்ந்த முதற் கியர் வீணாகின்றது. பவர்கிளைட் என்னும் இரண்டு கியர்ப் பெட்டி 1950இல் இல்லத்தரசிகளின் காருக்கென விளம்பரமாகி, 1973உடன் உற்பத்தியில் நின்றுபோயிற்று. ஆயினும் ஆயிரம் குதிரைவலுவைத் தாண்டிய இலகு நிறைப் பந்தயக் கார்களுக்கு அதன் வடிவமே இன்றும் விரும்பப்படுகின்றது. முதற் கியர் 1.76 அல்லது 1.82 மட்டுமே, மாற்றவேண்டியதும் ஒரு தடவைதான், சுழலும் பாகங்களின் நிறையும் குறைவு. நகரத் தெருவில் ஓடும் 1,800 கிலோக் காருக்கு அதனைப் பரிந்துரைப்பவர் மட்டும் பந்தயத் தடத்தின் அறிவை அதன் சூழலிலிருந்து பிடுங்கி வேறிடத்தில் நடுகிறார்.

பெட்டியைக் கொல்வது முறுக்கமே எனப் பலர் எண்ணினும், தெருவில் ஓடும் கார்களைப் பொறுத்தவரை வெப்பமே முதற் பகைவன். எண்களாற் காட்டுவது பொருத்தம். பிரேக்கை அழுத்தியபடி அக்சலரேற்றரை மிதித்து, எஞ்சினை 2,500 சுற்றில் 500 நியூட்டன் மீற்றருடன் நிறுத்திவைத்தால், ஏறத்தாழ 130 கிலோவாற்று வலு முழுவதும் ஒயிலில் வெப்பமாக இறங்குகின்றது. பெட்டியிலும் மாற்றியிலுமாக உள்ள ஒயில் பத்து லீற்றர் அளவே. உலோகம் உறிஞ்சுவதை விடுத்துப் பார்த்தால், அது விநாடிக்கு ஏழு எட்டுப் பாகை செல்சியஸ் வீதம் சூடேறும். இத்தகைய சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீடிக்கவேண்டாமெனத் திருத்தக் கைந்நூல்கள் எச்சரிப்பது வெறும் சம்பிரதாயமன்று. 80 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பதினொரு பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் விதி. துல்லியமான விதியன்றாயினும், கருகிய ஒயிலின் நெடியை ஒருமுறை முகர்ந்தவர் அதனை மறுக்கமாட்டார். ஆகவே பெரிய பெட்டி வாங்கப் பணமில்லாதவர் செய்யத்தக்க முதற் காரியம், ரேடியேற்றருக்கு வெளியே தனியான ஒயிற் குளிர்த்தியொன்றைப் பூட்டுவதாகும். பெட்டியின் விலையோடு ஒப்பிட அதற்காகும் செலவு சிறிது.

முறுக்கமாற்றியைத் தெரிவதும் வெப்பத்தோடு பிணைந்தது. வெளியீட்டுப் பக்கம் அசையாதிருக்க எஞ்சின் எட்டக்கூடிய உச்சச் சுழற்சியைத் தடைநிலை வேகம் என்பர். இதனையும் மாற்றியின் மாறாப் பண்பெனக் கடைகளிற் கூறுவர். உண்மையில் அது எஞ்சின் முறுக்கத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப மாறும். 400 நியூட்டன் மீற்றருக்குப் பின்னால் 2,000 சுற்றில் நிற்கும் மாற்றி, 700 நியூட்டன் மீற்றருக்குப் பின்னால் 2,650 சுற்றை எட்டும். முறுக்கம் மிக்க எஞ்சின் தாழ்ந்த சுழற்சியிலேயே இழுக்க வல்லதாதலால், உயர்ந்த தடைநிலை அதற்கு வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்காரரின் சிறிய, உயர்சுழற்சி எஞ்சினுக்குப் பொருந்திய மாற்றியைப் பார்த்து வாங்கியவர், தெருவிளக்குக்குத் தெருவிளக்கு ஒயிலைக் காய்ச்சிக்கொண்டே செல்வார்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இத்துறையைத் தலைகீழாக்கியது. 1975 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் கீழ், 1978ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து எரிபொருட் சிக்கனத்துக்கான சராசரி அளவுகள் கட்டாயமாயின. பெட்டிகள் மெலிந்தன. 1976இல் வந்த டர்போ 200 இலகுவாக்கும் முயற்சியின் குழந்தை. அது பழுதடைவது பற்றிய முறைப்பாடுகள் பெருகி, அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு 1980இல் ஜெனரல் மோட்டர்ஸ்மீது குற்றஞ்சாட்டியது. 1983இல் எட்டிய இணக்கத்தின்படி உரிமையாளரின் முறைப்பாடுகள் நடுத்தீர்ப்புக்கு விடப்பட்டன. சிக்கனம் பொதுநலன் சார்ந்த கோரிக்கை என்பதில் ஐயமில்லை. அதன் செலவைக் கார் வாங்கிய சாதாரணர் தம் பையிலிருந்து செலுத்தினர் என்பதிலேயே முரண்பாடு உள்ளது.

இக்காலத்தில் வந்த நான்கு கியர்ப் பெட்டிகளுள் 700ஆர்4 பிரபலமானது. 1982ஆம் ஆண்டுக்கென வெளியான அதன் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. பழைய வேகக் காருக்கு இது சாலச் சிறந்தது என்றே முதற் பார்வையிற் தோன்றும்: புறப்பட வலிய முதற் கியர், நெடுஞ்சாலைக்கு 0.70. எனினும் முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது 5,500 சுற்றில் இருந்த எஞ்சின் 2,930க்கு வீழ்ந்துவிடும். டர்போ 400இல் அது 3,280இல் நிற்கும். முறுக்கம் மிக்க எஞ்சின் இவ்வீழ்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. காபரேற்றரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் ஒரு மெல்லிய கம்பியே இதன் உள்ளமுக்கத்தை நிர்ணயிக்கின்றது. வேறு காபரேற்றரைப் பூட்டும்போது கம்பி இழுபடும் அளவு மாறினால், அமுக்கம் குறைந்து, மூன்றாம் நான்காம் கியருக்கான தட்டுகள் மெல்ல நழுவிக் கருகிவிடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. உண்மையில் கியர் மாற்றம் முன்னிலும் மென்மையாக இருப்பதாக அவர் மகிழ்வார். புதிதாகத் திருத்திய பெட்டிகள் சில நாட்களிலேயே இவ்வாறு அழிந்த கதைகள் அமெரிக்கப் பட்டறைகளில் ஏராளம். டர்போ 400 இப்பணிக்கு எஞ்சினின் வெற்றிட அளவை உணரும் சிறு குப்பியொன்றைக் கொண்டுள்ளது. அதற்கும் குறையுண்டு: பந்தய வகைக் கம்சாப்ற் பூட்டி வெற்றிடம் குறைந்த எஞ்சினோடு கியர் மாற்றம் முரட்டுத்தனமாகும். ஆயினும் முரடாக மாறும் பெட்டி தன் தட்டுகளை எரிப்பதில்லை.

டர்போ 400இன் மெய்யான குறை நெடுஞ்சாலையில் வெளிப்படுகின்றது. 4.10 பின்னச்சுடன் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 3,500 சுற்றில் இரைந்துகொண்டிருக்கும். 1991இற் பாரவண்டிகளுக்கென வந்த 4எல்80-ஈ இதற்கு விடையாயிற்று. முதல் மூன்று விகிதங்கள் டர்போ 400இனுடையவையே, நான்காவதாக 0.75 சேர்க்கப்பட்டு, நழுவலை நீக்கும் பூட்டுக் கிளச்சும் வந்தது. அதே வேகத்தில் எஞ்சின் 2,640க்கு இறங்கிவிடும். கியர் மாற்றமும் உள்ளமுக்கமும் மின்னணு முறையில் நடைபெறுவதாற் கம்பியின் தொல்லை இல்லை. எனினும் அதற்குத் தனியான கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். பெயரிலுள்ள 80 நியூட்டன் மீற்றரைக் குறிப்பதன்று, நிறுவனத்தின் பெட்டிகளுக்கிடையே வலிமை வரிசையைக் காட்டுவதேயாகும். ஜேர்மனியின் இசட்-எவ் நிறுவனத்து 8எச்பி வரிசையிலோ 70 என்பது ஏறத்தாழ 700 நியூட்டன் மீற்றரையும், 90 என்பது 900ஐயும் சுட்டுகின்றன. இவ்விரு எண்களையும் ஒரே தராசிலிட்டு வாதிடுவோரைக் காணும்போது, குறியும் குறிப்பீடும் பற்றி நம்மவர் நடத்தும் வகுப்புகளுக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு உண்டோ என எண்ணத் தோன்றுகின்றது.

8எச்பி 2009இல் பீ.எம்.டபிள்யூ. 760 காரில் அறிமுகமானது. நான்கு கோட்கியர்த் தொகுதிகள், ஐந்து பிடிப்பான்கள். எந்தக் கியரிலும் இரண்டு பிடிப்பான்கள் மட்டுமே திறந்திருப்பதால் உராய்வினால் வீணாகும் வலு குறைவு. முதல் விகிதம் 4.71, இரண்டாவது 3.14. 5,500 சுற்றில் மாற்றினால் எஞ்சின் 3,670க்கே இறங்கும். 2015ஆம் ஆண்டின் டொஜ் சலஞ்சர் ஹெல்காற் காரின் 881 நியூட்டன் மீற்றரை 8எச்பி90 சுமந்தது; 2018இன் டீமன், உயர்ந்த ஒக்ரேன் எரிபொருளில் 1,044 நியூட்டன் மீற்றருடன் தன்னியக்கப் பெட்டியோடு மட்டுமே விற்பனைக்கு வந்தது. பெயரளவில் 900க்குரிய பெட்டி இதனை எவ்வாறு தாங்கிற்று? கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் முறுக்கத்தைக் கணினி குறைத்துக்கொள்கின்றது. தட்டுகளின் அமுக்கத்தைக் கணந்தோறும் சரிசெய்கின்றது. தாங்குதிறனின் ஒரு பகுதி உருக்கிலிருந்து மென்பொருளுக்கு இடம்பெயர்ந்துவிட்டது எனலாம்.

இவ்விடப்பெயர்வே இன்றைய தேர்வைச் சிக்கலாக்குகின்றது. டர்போ 400ஐ ஒரு திறமையான தொழிலாளி மேசைமீது பிரித்து, தேய்ந்ததைக் கண்ணாற் கண்டு, மாற்றிப் பூட்டலாம். 8எச்பியின் கட்டுப்பாட்டுக் கணினி பெட்டியின் ஒயிற் தட்டுக்குள்ளே, அது பிறந்த காரின் பிற கணினிகளோடு பேசும் வகையில் வைக்கப்பட்டுள்ளது. அதனைப் பழைய காருக்குப் பெயர்த்துப் பூட்டுவோர் மாற்று மென்பொருளையோ தனிக் கட்டுப்பாட்டுக் கருவியையோ விலைக்கு வாங்கவேண்டும். பட்டறையாளனின் கையிலிருந்த அறிவு நிறுவனத்தின் உடைமையாகப் பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றது. அப்பூட்டைத் திறக்கும் தொழிலும் இன்று ஒரு தனி வியாபாரமாகிவிட்டது. வில்லோ ரன் ஆலையோ, ஜெனரல் மோட்டர்ஸ் 2009இல் வங்குரோத்தடைந்ததை அடுத்து, 2010 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கு தயாரான பெட்டிகள் பழைய கார்களின் கீழே இன்னும் சுழல்கின்றன.

எமது செவெல் காருக்கு எதனைத் தெரிவது? வார இறுதியில் மட்டும் தடத்துக்குச் செல்லும் காராயின், திருத்திய டர்போ 400, தனிக் குளிர்த்தி, தடைநிலை 2,600 சுற்றுக்கு அண்மையிலான மாற்றி ஆகியன போதும். எஞ்சும் பணத்தைப் பின்னச்சுக்கும் ரயருக்கும் செலவிடுவது நன்று. நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓட்டுபவருக்கு 4எல்80-ஈ எனது தேர்வு. 8எச்பியின் மேம்பாட்டை நான் மறுக்கவில்லை. மென்பொருட் கோளாறு ஏற்படின் யாரிடம் செல்வது என்று அறிந்தவர் அதனைப் பூட்டலாம். 700ஆர்4 இந்த எஞ்சினுக்கு வேண்டாம். 4எல்80-ஈ பெட்டி டர்போ 400இலும் நீளமானது, நிறையும் கூடியது. ஆகையால் அதனை வாங்குவதற்கு முன்னர் காரின் அடியிற் படுத்து, குறுக்குத் தாங்கி எவ்வளவு பின்தள்ளப்படவேண்டும், செலுத்து தண்டு எவ்வளவு வெட்டப்படவேண்டும் என்பவற்றை நாடாவினால் அளந்துகொள்ளல் வேண்டும்.